ஆனியில் காய்ச்சிய பால்

அயனம்பாக்கத்து வீட்டில் பால் பொங்கியபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: என் கட்சிக்காரரின் மனைவி, அந்த வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா, வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் கட்சிக்காரர். வாசலில் மூன்று படிகள் இருந்தன. அவருடைய சக்கர நாற்காலி ஏறாது. அதனால் அவரை ஆவடியில் விட்டுவிட்டு, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி மட்டும் ஒரு பாக்கெட் பாலோடு பஸ் ஏறிப் போயிருக்கிறார். இன்னொருவன் நான், அவர்களுடைய வக்கீல். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பைக்கில் பறந்துபோய் அந்த அடுப்பை நானே அணைத்திருப்பேன்.

அப்போது நான் கறுப்புக் கோட்டு மாட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் சீனியரின் அலுவலகம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்கப்படுகிற மாற்றுத்திறனாளிகள் படியேறி வந்தால், அல்லது படியேற முடியாமல் கீழே நின்று ஆள் அனுப்பினால், சீனியர் பீஸ் பேச மாட்டார். "தம்பி, இத நீ பாரு" என்று கேஸ் கட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா பூந்தமல்லி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு கேஸு ஜெயிச்சியா?"

"இல்லப்பா, வாய்தா."

"அப்போ தோத்துட்டியா?"

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு என்பதை அவருக்கு என்னால் புரியவைக்க முடிந்ததே இல்லை. அதனாலோ என்னவோ, எனக்கும் அந்த நடுவில் நிற்கத் தெரியாமல் போயிற்று. உட்கார்ந்தால் கால் ஆடும். கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு கிடைத்தாலும் நின்றுகொண்டே இருப்பேன். செல்போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். "உக்காருப்பா, நீ நடந்தா கேஸு நடந்துடுமா?" என்று சீனியரே அலுத்துக்கொண்டிருக்கிறார்.

என் கட்சிக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர். ரயிலில் அடிபட்டு இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டன. அதன் பிறகு வீட்டிலேயே மிக்சி, கிரைண்டர் ரிப்பேர். அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. விடியும் முன்னே போனால் மதியம் சாப்பாட்டுக் கூட்டம் அடங்கிய பிறகுதான் வருவார்.

முதல் நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து வழக்கு விவரம் எழுதிக்கொண்டிருந்தபோது, மிக்சி ஜாரைக் கழற்றியபடியே என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், காலு நிக்கவே மாட்டேங்குது?"

எனக்குச் சுரீரென்றது. கால் ஆட்டுவதை நிறுத்தி, பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்தேன்.

"அட, ஏன் நிறுத்திட்ட? ஆட்டு சார், நல்லா ஆட்டு. எனக்கும் சேத்து நீயே ஆட்டிடு" என்றார். சமையலறையிலிருந்து அக்கா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன், ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டை அவர்கள் விட முடியாததற்குக் காரணம் வாடகையும் இல்லை, ஸ்டேஷன் பக்கம் என்பதும் இல்லை. பாத்ரூம். குடிவந்த புதிதில் அதன் வாசலில் நாற்காலி நுழையவில்லை. கையை ஊன்றித் தவழ்ந்துதான் உள்ளே போயாக வேண்டும், ஈரத் தரையில். ஒருமுறை வழுக்கிவிழுந்து தையல் போட்ட இடம் பிளந்துகொண்டது. அதற்கப்புறம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பியதிலிருந்து திரும்பிவரும் வரை தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலிலும். மூத்திரத்தில் கிருமி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகுதான், பாத்ரூமின் ஒரு பக்கச் சுவரை இடித்து வாசலை அகலப்படுத்தினார்கள். உட்காரும் வகை உயரக் கழிப்பறைக் கோப்பையும் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பியும் வைத்தார்கள். ஓனர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லியிருந்தார்.

"இப்போ நானே போறேன், நானே வரேன். தண்ணி நல்லா குடிக்கிறேன் சார்" என்று என்னிடம் சொன்னார். ஒரு மனிதன் தண்ணீர் குடிப்பதைப் பெருமையாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மாடியில் இருக்கும் அந்த ஓனர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்காலப் பணத்தில் கட்டிய வீடு. அவர் போட்ட மனுவில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, மனைவிக்குப் பக்கவாதம், மாடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை, கீழ்வீடு சொந்த உபயோகத்துக்கு வேண்டும். இரண்டாவது, வாடகைதாரர் அனுமதி இல்லாமல் பாத்ரூம் சுவரை இடித்துக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தார்.

சீனியர் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மாவுக்கு நெஜமாவே முடியலன்னா நாம ஜெயிக்க முடியாது. நேரம் வாங்கலாம். ஒரு வருஷம் கேளு. நாற்காலி போற மாதிரி வேற வீடு இல்லன்னு எழுது. அதுதான் உன் கேஸு."

அப்படியே எழுதினேன். ஆவடி, அண்ணனூர், அம்பத்தூர் எங்கும் தேடியும் எதிர்மனுதாரருக்கு ஏற்ற வேறு வீடு கிடைக்கவில்லை என்று உறுதிமொழியோடு பதில் மனு. பொய் இல்லை. நானே அவரோடு போய் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கீழ்வீடு என்பார்கள், வாசலில் படி இருக்கும். படி இல்லையென்றால் மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் வீடாக இருக்கும். இரண்டும் சரியாக அமைந்த இடத்தில், நாற்காலியைப் பார்த்ததும், "சொந்தக்காரங்க வராங்கப்பா, நேத்துதான் பேசி முடிச்சோம்" என்பார்கள். அந்த மனுவில் எனக்கு ஒரு சின்னக் கர்வம்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பால்.

ஆடியில் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். மாறியே ஆக வேண்டும் என்றிருப்பவர்கள் ஆனியிலேயே ஒரு நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சி, கொஞ்சம் அரிசியும் உப்பும் மஞ்சளும் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு சாமான்களை எந்த மாதம் ஏற்றினாலும் ஆனியில் குடிபோனதாக அர்த்தம். அக்கா செய்தது அதைத்தான். புரோக்கருக்கோ தன் திறமை ஊருக்குத் தெரிய வேண்டும். பால் பொங்கி வழிவதையும் அக்கா கையெடுத்துக் கும்பிடுவதையும் படம் பிடித்து, 'அயனம்பாக்கத்தில் இன்று பால் காய்ச்சிய நமது வாடிக்கையாளருக்கு வாழ்த்துகள்' என்று ரோஜாப்பூவோடு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். ஆவடியில் வீடு வாடகைக்கு விடுகிற எல்லாருடைய செல்போனிலும் அந்தப் புரோக்கரின் நம்பர் இருக்கும். எங்கள் ஓனர் செல்போனில் இருக்காதா?

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல், நரைத்த மீசைக்காரர், அந்தப் படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து நீட்டினார். நீதிபதி அதைப் பார்த்தார். என்னுடைய மனுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற வீடே கிடைக்கலன்னு சத்தியம் பண்ணி எழுதியிருக்கீங்க. இது என்ன?"

"பால், ஐயா" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. பெஞ்சு கிளார்க் குனிந்துகொண்டார். நரைமீசைக்காரர் மட்டும் சிரிக்காமல், "பால் காய்ச்சினா குடிபோயாச்சுன்னு அர்த்தம், ஐயா. அவங்களே காலி பண்ணிட்டாங்க. இனி வழக்கே வேண்டியதில்ல" என்றார். குடிபோகவில்லை, சாமான் எல்லாம் ஆவடியில்தான் இருக்கிறது, ஆள் ஆவடியில்தான் இருக்கிறார் என்று நான் என்னென்னவோ சொன்னேன். நீதிபதி கையமர்த்தினார். சமரசத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், அங்கே முடியாவிட்டால் நான் உத்தரவு போடுகிறேன் என்றார். அந்த உத்தரவு எப்படி இருக்கும் என்று அவருடைய குரலிலேயே தெரிந்தது.

வராந்தாவில் அக்காவிடம் என் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமில்லக்கா? வீடே கிடைக்கலன்னு எழுதிக் குடுத்துட்டு, நீங்க போய்ப் பால் காய்ச்சினா நான் யாருக்குன்னு பேசறது?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இன்னா தம்பி கத்துற? கேஸு தோத்துட்டா இன்னா பண்றது, அத சொல்லு. ஆடியில எவன் ஊடு குடுப்பான்? குடுத்தாலும் ஆடியில பால் காய்ச்ச முடியுமா? தெருவுல சேரப் போட்டு அவர உக்கார வெச்சிகினு நிக்கட்டுமா? அதான் ஆனி முடியறதுக்குள்ள காய்ச்சி வெச்சேன். ஊடுன்னு ஒண்ணு கீதுன்னு தைரியம் வேணாமா?"

"அந்த வீட்டுல அவரால நுழையவே முடியாதேக்கா!"

"நுழைய முடியாதுன்னு எனக்கும் தெரியும். அதான் அவராண்ட சொல்லாம போனேன். உன்னாண்டயும்."

கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். டீக்கடையில் டீ சொன்னேன், குடிக்காமல் கிளம்பினேன்.

அன்று மத்தியானமே இன்ச் டேப் ஒன்று வாங்கிக்கொண்டு அயனம்பாக்கம் போனேன். ஏரிப் பக்கத்துத் தெரு. சொந்தக்கார அம்மா பக்கத்துப் போர்ஷனிலேயே இருந்தார். கணவர் துணை ராணுவத்தில் எங்கோ வடக்கே. படியை அளந்தேன். பாத்ரூம் வாசலை அளந்தேன். அங்கே உட்காரும் வகைக் கோப்பைகூட இல்லை, குந்தும் வகைதான். எல்லாவற்றையும் படம் எடுத்தேன். இந்த வீடு அவருக்கு வீடே இல்லை என்று நிரூபித்துவிடலாம் என்று எனக்குள் ஒரு வேகம். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ வராங்க?"

"அது... இன்னும் முடிவாகலம்மா. வராமகூட இருக்கலாம்."

"வராம எப்பிடி? பால் காய்ச்சிட்டாங்க இல்ல? அடுப்பு மூட்டின ஊட்ட சும்மா போட்டு வெக்கக் கூடாது, எங்களுக்கு ஆவாது. காய்ச்சின நாள்லேர்ந்து வாடகை கணக்கு ஓடுது, அத சொல்லிடு."

அங்கே குடிபோயாயிற்று என்று ஒருவர் பிடித்து இழுக்கிறார், இங்கே குடிவந்தாயிற்று என்று இன்னொருவர் பிடித்து இழுக்கிறார். மனிதர் மட்டும் நகரவே இல்லை, மிக்சி கழற்றிக்கொண்டு அதே இடத்தில்தான் இருக்கிறார். கரையான்சாவடியில் எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமல், "பால் காய்ச்சிட்டா போய்த்தான் ஆவணும்டா" என்றார். என் வீட்டிலேயே தீர்ப்பு எங்களுக்கு எதிராகத்தான் வந்தது.

சமரசத்துக்கு முந்தின நாள், கட்சிக்காரரைத் தயார் செய்வதற்காக ஆவடி போனேன். கேட்டைத் திறக்கும்போது மாடிப்படியில் ஓனர் நின்றுகொண்டிருந்தார். எதிர்த்தரப்பு ஆளோடு தனியாகப் பேசக் கூடாது என்று சீனியர் சொல்லியிருக்கிறார். தலையை ஆட்டிவிட்டு நகரப் பார்த்தேன்.

"தம்பி, மேல வாங்க. சண்டைக்கு இல்ல. ஒண்ணு காட்டணும்."

"சார், உங்க வக்கீல் இல்லாம..."

"வக்கீலு வந்து என்ன செய்யப் போறாரு? ஏறி வாங்க."

ஏறினேன். செங்குத்தான படி. ஹாலில் சன்னல் ஓரமாகக் கட்டில், அதில் அவர் மனைவி. ஒரு பக்க உதடு இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "சாப்பிட்டாச்சான்னு கேக்கா" என்றார் ஓனர். ஹாலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதைச் சுற்றித் தரை ஈரம், பக்கத்தில் வாளி, சோப்பு டப்பா.

"இங்க வச்சுத்தான் குளிப்பாட்டுதேன். பாத்ரூமுக்குள்ள ரெண்டு பேரு ஒண்ணா நுழைய முடியல பாத்துக்கிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போணும்னா நாலு பேரக் கூப்பிட்டுச் சேரோட தூக்கணும். பாதிப் படியில இவ அழுவா. தூக்குறவன் கையி வழுக்கும்னு பயம். நான் பொய் சொல்லுதேன்னு நெனைச்சீகளா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் நான் மறு தரப்பு வக்கீல். "நான் கெளம்பறேன் சார்" என்றேன். படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அதுவரை அந்தப் பெரியவரை ஒரு கெட்டவராக வைத்துக்கொண்டுதான் நான் இந்த வழக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

கீழே என் கட்சிக்காரர் கேட்டார்: "மேல கூட்டிகினு போனாரா? அந்தம்மா எப்டி கீறாங்க?"

"முடியலண்ணா."

"நல்ல மனுசி சார். நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ அவங்கதான் சோறு குடுத்து வுட்டாங்க." கொஞ்ச நேரம் மிக்சி மோட்டாரைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "நீ அதுக்காக நாளைக்கி நாக்க மடிச்சிக்காத. அவங்க மேலேந்து எறங்கணும், சரிதான். நான் எங்க எறங்கறது?"

அன்றிரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பதில் தெரியாததால் அல்ல. இரண்டு பேருக்கும் பதில் கீழே இருக்கும் அந்த ஒரே பாத்ரூம்தான் என்பதால்.

சமரச அறை முதல் மாடியில் இருந்தது. என் கட்சிக்காரரை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தோம். அவரை மேலே தூக்கிப் போகலாமா என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே, சமரசம் பேசும் அந்த அம்மா, ஓய்வுபெற்ற வக்கீல், கைப்பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். "அவரத் தூக்க வேணாம். நாலு நாற்காலி கீழ கொண்டாங்க." பைக் நிறுத்தும் இடத்தில், புங்கமரத்து நிழலில், ஆட்டோவைச் சுற்றி நாற்காலி போட்டோம். கட்சிக்காரர் ஆட்டோவின் பின்சீட்டில். அக்கா அவர் பக்கத்தில். எதிரே ஓனர், நரைமீசை வக்கீல். நான் உட்காரவில்லை. பால் படம் பிடித்த புரோக்கரும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து மரத்தடியில் நின்றார். ஆட்டோக்காரர் முன்சீட்டிலேயே திரும்பி உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அளந்துவந்த படங்களைக் காட்டினேன். அயனம்பாக்கத்து வாசலும் இவருடைய நாற்காலியும். சமரச அம்மா நிதானமாகப் பார்த்தார். நரைமீசைக்காரர், "அதெல்லாம் அவங்க புது ஓனரோட பேசிக்க வேண்டியது. எங்க கட்சிக்காரர் ஒரு மாசம் டைம் தருவார். ஆனா அட்வான்ஸ்ல சேதத்துக்குப் பிடிச்சிக்கிட்டுத்தான் தருவோம். பாத்ரூம் சுவர இடிச்சதுக்கு" என்றார்.

அக்கா எழுந்தேவிட்டார். "சேதமா? இன்னா சேதம்? எங்க காசப் போட்டுக் கட்டினது!"

"அனுமதி எங்கம்மா? பேப்பர் இருக்கா?"

பேப்பர் இல்லை. யோசித்துப் பேசினேன் என்று சொல்ல முடியாது. "சேதம்னா சரி பண்ணிக் குடுக்கறது எங்க கடமை சார்" என்றேன். "போறதுக்கு முன்னாடி அந்த வாசல பழையபடியே கட்டிக் குடுத்துட்டுப் போறோம். பழைய அகலத்துக்கு. கோப்பையையும் கம்பியையும் எடுத்துட்டு, முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே. அட்வான்ஸ முழுசா குடுத்துடுங்க."

நரைமீசைக்காரர் பளிச்சென்று, "ரொம்ப நல்லது, எழுதிக்கலாம்" என்றார்.

ஓனர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அந்த ஹாலையும், ஈரத் தரையையும், பிளாஸ்டிக் நாற்காலியையும் நான் பார்த்துவிட்டு வந்தவன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆட்டோவில் என் கட்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுதலாமா சார்?" என்று நரைமீசைக்காரர் பேனாவை எடுத்தார்.

"பொறுங்க" என்றார் ஓனர். "அந்தச் சேதம்ங்கத யாரு எழுதச் சொன்னா?"

"நீங்க கையெழுத்துப் போட்ட மனுதானே சார்."

"வாசிக்காமப் போட்டேன். அந்தச் சுவத்த இடிச்சன்னிக்கு செங்கல் எடுத்துக் குடுத்ததே நான்தான். அத அப்படியே விட்டுட்டுப் போகட்டும். அவளுக்கு வேணும்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஆட்டோக்காரர் ஹேண்டில்பாரைத் தட்டி, "வக்கீலு, சிக்ஸர் அடிச்சிட்ட மாமே!" என்றார்.

"சும்மா கெட" என்று அவரை அதட்டியது என் கட்சிக்காரர்தான். பிறகு ஓனரைப் பார்த்து, "அம்மாவ அந்தக் கம்பியப் புடிச்சிக்கச் சொல்லுங்க. கொஞ்சம் ஆடும், நான் வந்து டைட் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

உடன்பாடு எழுதப்பட்டது. சேதக் கோரிக்கை வாபஸ், அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப, ஆவணியில் காலி செய்வது. ஒரு வருடம் கேட்டவன் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக வாங்கியிருந்தேன். சாயங்காலம் அப்பா கேட்டார், ஜெயித்தாயா என்று. "தெரியலப்பா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார்.

போக வேறு இடம் இல்லை, வாடகை ஓடிக்கொண்டிருந்த அயனம்பாக்கம்தான். அங்கே இடிக்க வேண்டும், கட்ட வேண்டும். ஆடியில் கொத்தனார் சுலபமாகக் கிடைத்தார். "ஆடியில வேல ஆரம்பிக்கலாமாப்பா?" என்று அக்கா கேட்டதற்கு, "கட்றதுக்குத்தான் நாள் பாக்கணும். இடிக்கறதுக்கு இன்னாத்துக்கு?" என்றார் அவர். அந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா இடிக்கச் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். புரோக்கர் மரத்தடியில் கேட்டதைப் போய் அப்படியே ஒப்பித்திருக்கிறார். போகும்போது வாசலைப் பழையபடி கட்டிக் கொடுக்க வேண்டும், அதற்காகத் தனியாக ஒரு தொகை இப்போதே கட்டி வைக்க வேண்டும் என்றார். நான் மன்றாடிப் பார்த்தேன்.

"கோர்ட்டாண்ட நீதான சொன்ன, பழையபடி கட்டிக் குடுக்கறது கடமைன்னு?" என்றார் அந்த அம்மா.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் அந்த வரியை என் கையாலேயே எழுதினேன். எழுதிவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். வேறு மாதிரி எழுத முடியவில்லை.

ஆவணியில் சாமான் ஏறியது. படிகள் இருந்த இடத்தில் சிமெண்டுச் சரிவு, இன்னும் சாம்பல் நிறம் மாறாமல். என் கட்சிக்காரர் யாரையும் தள்ள விடவில்லை. சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு ஏறினார், மூச்சு வாங்க நடுவில் ஒருமுறை நின்றார், மறுபடி ஏறினார். நேராகப் பாத்ரூம் பக்கம் போனார். அக்கா பின்னாலேயே ஓடினார்.

"எங்கம்மா வர? வெளிய போ. வக்கீலு, நீயும்தான்."

வாசலுக்கு வந்து நின்றோம். உள்ளே சக்கரம் உரசியது, கம்பி ஒருமுறை அதிர்ந்தது, பிறகு தாழ்ப்பாள் போடும் சத்தம். அக்கா குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, அவர் வெளியே வந்ததும் கொடுப்பதற்காகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கேட்காமலேயே செலவைச் சொன்னார்: வாசல், சரிவு, கோப்பை, ஆளில்லாமல் கிடந்த நாளுக்கு வாடகை, திரும்பக் கட்டுவதற்கென்று அந்த அம்மாவிடம் முன்கூட்டியே கொடுத்தது, மகளிர் குழுவில் எடுத்த கடனுக்கு முதல் வட்டி. அடுத்த பதினோரு மாதம் இங்கே இருப்பதற்கு, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூறு ரூபாய்.